மாதிரி காட்டாமல் பாசிப் பின்னல் சொல்லிக்கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பயிலரங்கு நடக்கிறது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் முற்றத்து வெளிச்சம் கடைசி ஆளுக்கு எட்டாது. துணி, சட்டம், வரைபடம் எதுவும் இல்லை. ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு பாசியை, அதாவது துளையுள்ள சின்ன மணியை, இன்னொரு பாசியோடு கோத்துக்கொண்டே போய், அது எப்படி வளர்கிறதோ அப்படி வளரவிடுகிற வேலை. ஃப்ரீஃபார்ம் பீட்வொர்க் என்று சொல்வார்கள். எங்கள் கூடத்தில் அதற்கு 'மனம்போன பின்னல்' என்று பெயர். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஏற்கெனவே ஆரி எம்பிராய்டரி வகுப்போ ஒயர் கூடை வகுப்போ நடத்துகிறவர்கள் தாங்களும் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

எந்தப் பின்னலில் இருந்து ஆரம்பிப்பது?

பெயோட்டி என்ற தையலில் இருந்து. பெயோட்டி என்பது மெக்சிகோப் பக்கம் விளைகிற ஒரு கள்ளி. அதை வழிபாட்டில் பயன்படுத்தும் அமெரிக்கப் பழங்குடியினர் தங்கள் சடங்குப் பொருட்களை இந்தத் தையலால் அலங்கரித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

செய்முறை சுலபம். இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு நூல் எடுத்து, முதலில் ஒரு பாசியைக் கோத்து, அதற்குள்ளேயே ஊசியை இன்னொரு தடவை விட்டு இறுக்குங்கள். பின்னால் வரும் பாசிகள் நழுவாமல் இருக்கத்தான் இது. நாங்கள் இதை வாயில்காப்பான் என்போம், கடைசியில் கழற்றிவிடலாம். அப்புறம் இருபது பாசி கோக்கவும். இரட்டைப்படையாக இருந்தால் போதும். இப்போது திரும்ப வேண்டும். ஒரு பாசியை ஊசியில் எடுத்து, கடைசியாகக் கோத்த பாசியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பாசிக்குள் ஊசியை விடுங்கள். மறுபடி ஒன்றை எடுத்து, ஒன்றை விட்டு, அடுத்ததற்குள். மறுமுனைக்கு வந்ததும் பார்த்தால் ஒரு பாசி மேலே, ஒரு பாசி கீழே என்று பல்வரிசை மாதிரி நிற்கும். அதற்குப் பிறகு எண்ண வேண்டியதில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு பாசி, அவ்வளவுதான்.

முதல் மூன்று வரிசை எல்லோருக்கும் தலைவலிதான். நூல் சுருளும், பாசி திரும்பிக்கொள்ளும், "அக்கா, எனக்கு இது வராது" என்று ஒருவர் கீழே வைப்பார். நான்காவது வரிசையில் சட்டென்று பிடிபட்டுவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விதியே இல்லாத வேலையில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் காவிரிக் கரையில் உட்கார்ந்து கேட்கலாமா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்த ஊர்ப்பக்கம் இது. அந்த ஆலாபனையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் தோடியை விட்டு ஒரு ஸ்வரம் வெளியே போகவும் இல்லை. மனோதர்மம் என்று அதற்கு நம்மிடம் சொல்லே இருக்கிறது. பாட்டின் முதல் பாடமான சரளி வரிசை தெரியாமல் மனோதர்மம் இல்லை. அதே சமயம், சரளி வரிசையை மட்டும் நாற்பது வருஷம் பாடிக்கொண்டிருந்தாலும் அது வந்துவிடாது. சொல்லிக்கொடுப்பவர் எந்த இடத்தில் கையை எடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் வகுப்பில் நான்கு வரிசை நேர்ப்பின்னலுக்குப் பிறகு மூன்றே மூன்று அசைவுதான் சொல்லித்தருகிறேன்.

முதலாவது, பாசியின் அளவை மாற்றுவது. பெரிய பாசி போட்ட பக்கம் விரியும், சின்னது போட்ட பக்கம் சுருங்கும், பின்னல் தானாக வளையும். இரண்டாவது, பாலம். ஏழோ ஒன்பதோ பாசியைக் கோத்து, இடையில் எங்கும் தைக்காமல் தாண்டிப் போய், தூரத்தில் இருக்கும் ஒரு பாசிக்குள் ஊசியை விடுவது. நடுவில் ஒரு சந்து உண்டாகும். அடுத்த வரிசையில் அந்தப் பாலத்தின் மேலேயே பெயோட்டி போட்டுத் திரும்பலாம். மூன்றாவது, ஒரு பள்ளத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாசி போடுவது. அடுத்த வரிசையில் அந்த இரண்டுக்கும் நடுவிலும் ஒன்று போட்டால் விளிம்பு கொசுவம் மாதிரி சுருண்டு எழும்.

இதற்கு மேல் நான்காவதாக எதையும் சொல்லித்தருவதில்லை. கேட்டால் கூடத் தருவதில்லை. மூன்று அசைவு கையில் இருந்தால் அதை வைத்து விளையாடுவார்கள். பத்து இருந்தால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

மாதிரி காட்டாமல் எப்படி நடத்துவது? என்ன செய்யப் போகிறோம் என்றே தெரியாதே?

என் முதல் பயிலரங்கில் நானும் அப்படி நினைத்துத்தான் என் கைக்காப்பை மேஜை மேல் வைத்தேன். அரக்கும் கிளிப்பச்சையும் கலந்தது, இடது ஓரத்தில் ஒரு பாலம். "இது சும்மா பார்க்கத்தான், நீங்கள் உங்கள் இஷ்டத்துக்குச் செய்யுங்கள்" என்றும் சொன்னேன். சாயங்காலம் பன்னிரண்டு கைக்காப்பு வந்தது. பன்னிரண்டிலும் அரக்கு, கிளிப்பச்சை. பதினொன்றில் இடது ஓரத்தில் பாலம். ஒருவர் மட்டும் பாலத்தை வலது ஓரத்தில் வைத்திருந்தார். ஆகா என்று பார்த்தால், அவர் இடதுகைக்காரர்.

அதற்குப் பிறகு மேஜையில் முடிந்த பொருள் எதுவும் வைப்பதில்லை. அசைவுகளை ஒரே நிறத்தில், வெள்ளைப் பாசியில், விரலளவுத் துண்டாகப் போட்டுக் காட்டுகிறேன். பாலம் ஒரு துண்டு, கொசுவம் ஒரு துண்டு. அதைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது, எப்படிப் போடுவது என்று மட்டும் தெரியும்.

இன்னொன்று, முதல் ஒரு மணி நேரம் யாரையும் பார்த்து "அழகா இருக்கு" என்று சொல்லாதீர்கள். பாராட்டுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் ஒருவரைச் சொன்னால் மற்ற பதினொரு பேரும் எட்டிப் பார்ப்பார்கள், அடுத்த அரை மணியில் எல்லோர் கையிலும் அதே நீலம் ஏறிவிடும். பதிலுக்கு நான் கேட்பது இரண்டு கேள்வி. இதில் உங்களுக்குப் பிடித்த இடம் எது? இங்கிருந்து எந்தப் பக்கம் போகலாம் என்று இருக்கிறது? பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவேன்.

"எனக்குக் கற்பனையே வராது" என்பவர்களை என்ன செய்வது?

இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்தவர்கள். மார்கழியில் முப்பது நாளும் முப்பது கோலம். இடம் போதாவிட்டால் புள்ளியைக் குறைப்பார்கள், சாக்கடை மூடி குறுக்கே வந்தால் அதைச் சுற்றி ஒரு கொடி விடுவார்கள். அதைக் கற்பனை என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

"இஷ்டத்துக்குச் செய்யுங்கள்" என்று சொன்னால் அவர்கள் திகைத்துப் போவார்கள். முன்னால் பதினைந்து டப்பா பாசி, எதைத் தொடுவது? ஆகவே நான் வழியைக் குறுக்கிவிடுகிறேன். ஐந்து நிறம், மூன்று அளவு, ஒரு பாலம் கட்டாயம், பத்து நிமிஷத்துக்குள் அந்தப் பாலம் எழும்ப வேண்டும். கெடுபிடி மாதிரி தெரியும். ஆனால் கை நகர ஆரம்பித்துவிடும். கை நகர்ந்த பிறகு கெடுபிடி எல்லாம் அவர்களே மீறிக்கொள்வார்கள். மீறினால் நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

நிறத்தை எப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்வது?

நிறச்சக்கரத்தை எல்லாம் எடுத்து வைக்காதீர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். இங்கே எந்தப் பெண்ணுக்கும் அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை என்று பெயரோடு நிறம் தெரியும். எந்த உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்றும் தெரியும். நான்கு நிறத்தைப் பிடித்த ஒரு புடவையில் இருந்து எடுக்கச் சொல்கிறேன். ஐந்தாவது, அவர்களுக்குப் பிடிக்காத நிறம். பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துக் கொடுப்பார். அந்தச் சேற்று நிறமோ சாம்பலோதான் மற்ற நான்கையும் தூக்கி நிறுத்தும். முதலில் முணுமுணுப்பார்கள், சாயங்காலம் அதே டப்பாவைத் தேடுவார்கள்.

தஞ்சாவூர்க் கதம்பத்தைப் பாருங்கள். மல்லிகையும் கனகாம்பரமும் மட்டும் இருந்தால் சாதாரணச் சரம்தான். நடுவில் வருகிற மருக்கொழுந்தின் மங்கலான பச்சை இருப்பதால்தான் அது கதம்பம்.

தப்பு எது, புது வழி எது? எப்போது அவிழ்க்கச் சொல்லலாம்?

நூல் அறுந்துவிடும் என்றால் தப்பு. முடிச்சு அவிழ்ந்துவிடும் என்றால் தப்பு. கூர்மையான விளிம்புள்ள குழாய்ப் பாசி நூலில் உரசிக்கொண்டிருந்தால் தப்பு. அதன் இரண்டு பக்கமும் ஒரு சின்ன உருண்டைப் பாசி போடச் சொல்லுங்கள். நூல் முனையைக் குறைந்தது நான்கைந்து வரிசை உள்ளே ஓட்டி, நடுநடுவே அரை முடிச்சுப் போட்டு வெட்டுவதில் நான் யாருக்கும் சுதந்திரம் கொடுப்பதில்லை. மற்றபடி அவிழ்க்கலாமா என்று கேட்டால் என் பதில், "இன்னும் ஐந்து வரிசை பொறுங்கள்."

ஒரு தடவை, கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா வந்திருந்தார். விரல் வேகத்துக்கு ஊசி ஈடுகொடுக்கவில்லை. ஒன்பது பாசிப் பாலத்தை மறுகரையில் விட வேண்டியவர், அவசரத்தில் கீழ்வரிசைப் பாசிக்குள் விட்டு இழுத்துவிட்டார். பட்டையாக இருந்த பின்னல் நடுவில் மடங்கிக்கொண்டது. "அவுத்துடட்டுமாம்மா?" என்றார். வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் மடிப்பைக் கட்டைவிரலால் ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தார். அப்புறம் மடிப்பு விரியாதபடி ஓரத்தில் இரண்டு தையல் போட்டு, இன்னொரு பக்கத்தையும் அதே போல் உள்ளே இழுத்தார். கூம்பாகிவிட்டது. மூன்றாவது மூலையைக் கீழே கொண்டுவந்து ஒரு சிவப்புப் பாசியால் குத்தி நிறுத்தினார். கிராம்பு குத்திய வெற்றிலை பீடா. கும்பகோணம் வெற்றிலையைத் தினமும் மடிக்கிற கை, பாசியிலும் அதையே மடித்துவிட்டது. நான் யோசித்திருந்தால் வந்திருக்காது.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரிப் பெண்ணின் பின்னல் ஒரு பக்கமாகவே வீங்கிக்கொண்டு போனது. நான் கையை நீட்டி வாங்கி, "இதோ இப்படி" என்று ஆறு வரிசை அவிழ்த்து, சமனாக்கி, திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அன்றிலிருந்து அடுத்தவர் வேலையைக் கையில் வாங்குவதில்லை. காட்ட வேண்டுமென்றால் என்னிடம் இருக்கும் வெள்ளைத் துண்டில் காட்டுவேன்.

ஆரி வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமா?

விரல்களுக்குச் சுலபம், மனசுக்குக் கஷ்டம். ஆரியில் ட்ரேசிங் பேப்பர் இருக்கிறது, சட்டத்தில் விறைப்பாகத் துணி இருக்கிறது, ஜாக்கெட் கழுத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தாக வேண்டும். இங்கே பாசியைத் தாங்கத் துணி இல்லை, பாசிதான் பாசியைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆரி ஆசிரியைகள் முதல் நாள் முழுக்க இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரே ஓரத்தில் மூன்று அளவுப் பாசியை மாற்றி மாற்றிப் போட்டு ஆரம்பிக்கச் சொல்வேன். ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

என்ன பாசி, என்ன நூல், ஒருவருக்கு எவ்வளவு?

சின்னப் பாசிகளின் அளவு எண் தலைகீழானது. எண் ஏற ஏற பாசி சிறுக்கும். 11 என்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8 என்பது 3, 6 என்பது 4. இந்த மூன்றும் போதும். 15 சைஸ், ஒன்றரை மில்லிமீட்டர், பார்க்க ஆசையாக இருக்கும்; முதல் வகுப்பில் வேண்டாம். அதன் துளைக்குள் நூல் மூன்று நான்கு தடவை போனாலே அடைத்துக்கொள்ளும், ஊசியை வலிந்து தள்ளினால் பாசி உடையும்.

ஜப்பானில் இருந்து வரும் மியூகி, டோஹோ பாசிகள் அச்சில் வார்த்தது போல ஒரே சீராக இருக்கும், விலையும் அதிகம். செக் நாட்டுப் பாசி கொஞ்சம் ஏறுக்குமாறு. நம் நாட்டுப் பாசி இன்னும் ஏறுக்குமாறு. ஒரே பாக்கெட்டில் ஒல்லியும் குண்டும் இருக்கும், சிலதில் துளை கோணல். வரைபடம் பார்த்துப் பின்னுகிறவர்கள் இதைத் திட்டுவார்கள். இந்த வேலைக்கு அதுதான் வசதி, வளைவு சும்மாவே கிடைக்கிறது. துளை அடைத்ததை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

நான் ஒருவருக்குத் தருவது 11 சைஸில் ஐந்து நிறம், நிறத்துக்கு 5 கிராம். 8 சைஸில் இரண்டு நிறம், 6 சைஸில் ஒரு கைப்பிடி. கிராமுக்கு நூறுக்கு மேல் 11 சைஸ் பாசி நிற்கும், ஆகையால் தாராளம்.

நாகப்பட்டினத்தில் இருந்து வந்த ஒருவர் வலைக்கடையில் தங்கூசி நரம்பு வாங்கி வந்தார். அது வேண்டாம். ஒற்றை இழை, விறைப்பு, சுருட்டை நிமிராது, முடிச்சு வழுக்கும், நாளானால் முறியும். அதே மீன்பிடி நூலில் பல இழை சேர்ந்து மெல்லிசாக வருகிற வகை அருமையாக உழைக்கும். ஃபயர்லைன் என்று பாசிக்காரர்கள் தேடி வாங்குவதும் மீன் பிடிக்கச் செய்த நூல்தான். ஊசி 10 அல்லது 12 எண்.

பாசியைக் கிண்ணத்தில் போட்டு எடுக்க வராது. தாம்பாளத்தில் ஒரு பழைய வெல்வெட் துண்டை விரித்து அதன் மேல் சின்னச் சின்னக் குவியலாகப் போடுங்கள். உருளாது.

எந்த மாசத்தில் நடத்தலாம்?

ஆடியில். முகூர்த்தம் கிடையாது, ஆரி ஆர்டர் எடுப்பவர்களுக்குக் கை ஓய்ந்திருக்கும். ஒரே தொந்தரவு காற்று. அம்மியே பறக்கிற மாசத்தில் இரண்டு கை நூலை நேராக வைத்திருக்க முடியாது, ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை, வெளிச்சம் போதாது, கரண்டை நம்ப முடியாது. தை, மாசியில் அறுவடை வீட்டிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். சித்திரையில் விரல் வேர்த்துப் பாசி ஒட்டும். பூச்சுப் பாசியாக இருந்தால் வேர்வையில் பளபளப்பும் போகும்.

ஒரே நாளில் முடிக்காதீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நடுவில் ஒரு வாரம். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, நான் பக்கத்தில் இல்லாமல் போடுகிற வரிசைகள்தான் உண்மையில் மனம்போன வரிசைகள்.

வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு?

6, 8 சைஸ் மட்டும் கொடுங்கள். வெளிர் நிறப் பாசிக்குக் கருப்புத் துணி, அடர் நிறத்துக்கு வெள்ளைத் துணி. ஊசி கோக்க நூல் முனையை நகத்தால் அழுத்தித் தட்டையாக்கி, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நுனி மட்டும் தெரியப் பிடித்து, ஊசியின் காதை அதன் மேல் இறக்க வேண்டும். நூலை ஊசிக்குக் கொண்டுபோனால் சாயங்காலம் வரை கோத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முன்கூட்டியே நாலைந்து ஊசி கோத்துக் குத்தி வைப்பது எல்லாவற்றையும் விட நல்லது.

போனில் டிசைன் பார்த்துச் செய்யலாமா?

வகுப்பில் வேண்டாம். வீட்டில் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் யார்.

குழந்தைகளைச் சேர்க்கலாமா?

பத்து வயசுக்கு மேல் சேர்க்கலாம். கைக்குழந்தையோடு வருபவர்களைத் தனி அறையில் உட்கார வைப்பேன். பாசி வாய்க்கோ மூக்குக்கோ போனால் விபரீதம். பத்து வயசுப் பிள்ளைகளுக்கு இந்தப் பதில்கள் எதுவும் தேவைப்படாது. அவிழ்க்கலாமா என்று அவர்கள் கேட்பதே இல்லை.

இது வெளிநாட்டு வேலைதானே, நம் ஊருக்கு என்ன சம்பந்தம்?

தையலின் பெயர் வெளிநாடு. கண்ணாடிப் பாசி அப்படியல்ல. காவிரி கடலில் சேரும் பூம்புகாருக்கு வடக்கே, இதே கடற்கரையில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். அங்கே இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பாசி செய்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடியைத் துளையுள்ள குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, விளிம்பு மழுங்க மறுபடி சூடு காட்டுகிற முறை. இன்றைக்கு ஜப்பான் பாசியும் அடிப்படையில் இழுத்து, நறுக்கி, சூடு காட்டித்தான் வருகிறது.

செய்ததை விற்க முடியுமா?

முடியும். வாங்குபவர் "இதே மாதிரி இன்னும் ரெண்டு" என்று கேட்கும் வரைதான் பிரச்சினை இல்லை. முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், அல்லது அதே ஐந்து நிறத்தில் வேறொன்று தருகிறேன் என்று சொல்லுங்கள். விலையைப் பாசியின் எடையில் போடாதீர்கள். மணிக்கணக்கில் போடுங்கள்.

கீழே கொட்டிய பாசியை என்ன செய்வது?

கொட்டாமல் இருக்காது. கூடத்தில் இருந்து ரேழி வரை ஓடும், முற்றத்துத் தூம்பில் இறங்கும். வகுப்பு முடிந்ததும் தென்னந்துடைப்பத்தை எடுக்காதீர்கள், குச்சிக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். பூந்துடைப்பத்தால் கூட்டி, சல்லடையில் தூசி போகச் சலித்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். நிறமும் அளவும் கலந்துகட்டி இருக்கும். எங்களுக்கு அது கதம்ப பாட்டில். அடுத்த பயிலரங்கில் யாராவது பாதியில் நின்றுபோனால் அதில் இருந்து ஒரு கரண்டி எடுத்து அவர் தாம்பாளத்தில் கொட்டுவேன், வருகிற வரிசையில் கோக்க வேண்டும், பொறுக்கக் கூடாது. போன தடவை அந்தக் கரண்டியில் ஒரு நெல்லும் வந்துவிட்டது. பொறுக்கக் கூடாது என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் அதையும் ஊசியால் குத்தப் பார்த்தார். உமி பிளந்து அரிசி தெறித்தது. இன்னொன்று கிடைக்குமா என்று பாட்டிலைத் துழாவிக்கொண்டிருந்தார்.